கிளாரா ஷூமன்: பியானோ மேடையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேற்கத்திய இசை கேட்கத் தொடங்குகிறவர்கள் கிளாரா ஷூமன் என்ற பெயரைப் பெரும்பாலும் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் மனைவியாகவோ, இன்னொரு இசையமைப்பாளரான பிராம்ஸின் தோழியாகவோதான் முதலில் அறிகிறார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் நிலைமை வேறு. திருமணத்தின்போது ஊர் ஊராகப் பெயர் பெற்றிருந்தவர் கிளாராதான். ராபர்ட்டைத் தெரிந்தவர்கள் சிலரே. மேடையையே தொழிலாகக் கொண்டு, அந்த வருமானத்தில் ஒரு பெரிய குடும்பத்தைக் காப்பாற்றிய கலைஞர் அவர். அந்தக் கோணத்திலிருந்து அவரைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நண்பர்களும், பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் வெவ்வேறு சமயங்களில் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கிளாரா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1819 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர். இயற்பெயர் கிளாரா யோசஃபீன் வீக். ஒன்பது வயதில் மேடை ஏறினார். பதினோரு வயதில் தனிக் கச்சேரி செய்தார். கடைசியாக மேடையில் வாசித்தபோது வயது எழுபத்தொன்று. அவர் பங்கேற்ற கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சித் தாள்கள் மட்டுமே 1,300-க்கும் மேல் இருக்கின்றன. ராபர்ட் பிறந்த ஊரான ஸ்விக்காவில் அவை பாதுகாக்கப்படுகின்றன.

நான்கு வயதுவரை பேசவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். குழந்தைக்குக் காது கேட்கவில்லையோ என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். அந்த வீட்டின் நிலையைத் தெரிந்துகொண்டால் அந்த மௌனம் அவ்வளவு புதிராகத் தோன்றாது. தந்தை ஃபிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ விற்பனையும் செய்தார். கண்டிப்பானவர், சட்டென்று கோபப்படுகிறவர். தாய் மரியன்னே நல்ல பாடகி, பியானோவும் வாசிப்பார், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாந்த்ஹவுஸ் அரங்கில் பாடியவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1824-இல் தாய் வீட்டைவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு மணமுறிவு. லைப்சிக் அன்று சேர்ந்திருந்த சாக்சனி அரசின் சட்டப்படி பிள்ளைகள் தந்தைக்கு உரியவர்கள். ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டி கிளாரா தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டார். பியானோ பாடமும் அப்போதே தொடங்கியது.

பேச்சு வருவதற்கு முன்பே இசை வந்துவிட்டது என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். அதைவிட, சண்டை நடக்கும் வீட்டில் ஒரு குழந்தை வாய் மூடிக்கொண்டது என்று படிப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

தந்தை எப்படிக் கற்பித்தார்? நாள் முழுவதும் சாதகமா?

இல்லை. மேதைக் குழந்தைகள் பற்றிய கதைகளில் வருவதுபோல் பத்து மணி நேரம் பெட்டிமுன் உட்காரவைக்கும் முறை அல்ல வீக்குடையது. நாளுக்கு ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் சாதகம். அதற்கு இணையாகத் திறந்தவெளியில் நீண்ட நடை. எந்த வானிலையிலும் நடை உண்டு. கிளாரா இந்த வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. நாளுக்குப் பல மணி நேரம் நடக்கக்கூடிய உடல் அவருக்கு இருந்தது. ரயில் பாதைகள் இன்னும் போடப்படாத காலத்தில், குளிர்காலச் சாலைகளில் வண்டியில் குலுங்கிப் போய் அதே மாலை கச்சேரி செய்வதற்கு அந்த உடல்தான் ஈடுகொடுத்தது என்று நினைக்கிறேன். ஸ்வர ஞானம், இசை இலக்கணம், பாட்டு, வயலின், இசையமைப்பு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஆசிரியர்களை அமர்த்தினார். பள்ளிப் படிப்பு மட்டும் மிகக் குறைவு.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. மகளின் பெயரில் தந்தையே நாட்குறிப்பு எழுதினார். அதுவும் 'நான்' என்று, மகள் எழுதுவதுபோலவே. 'என் தந்தை இன்று என்மேல் கோபப்பட்டார்' என்ற வகையில் அவரே மகளின் குரலில் எழுதிவைப்பார். பிறகு அவளையே அதைப் படியெடுக்கச் செய்வார். நல்ல ஆசிரியர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குழந்தையின் 'நான்' என்ற சொல்லைக்கூட எடுத்துக்கொண்டவரை நல்ல தந்தை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

முதல் மேடை எப்போது?

1828 அக்டோபர் 20, கெவாந்த்ஹவுஸ். வேறொருவரின் கச்சேரியில், நான்கு கைகளால் வாசிக்கும் ஒரு படைப்பில் பங்கெடுத்தார். அதே அரங்கில் முதல் தனிக் கச்சேரி 1830 நவம்பர் 8. அடுத்த ஆண்டு பாரிஸ் பயணம். வழியில் வைமாரில், எண்பதைக் கடந்திருந்த கவிஞர் கதேயின் வீட்டில் வாசித்தார். இருக்கை தாழ்வாக இருந்ததால் கதே தம் கையாலேயே ஒரு மெத்தையணையை எடுத்துவந்து போட்டாராம். தம் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றையும் பரிசாக அனுப்பினார். பாரிஸில் அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. 1832 வசந்தத்தில் அங்கே காலரா பரவியது. பணக்காரர்கள் நகரைவிட்டு ஓடினார்கள். கச்சேரிக்குக் கூட்டம் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கச்சேரியை யார் ஏற்பாடு செய்தார்கள்?

கலைஞரேதான். யாரும் என்னிடம் கேட்காவிட்டாலும் நானாக வலிந்து சொல்லும் பதில் இது. இதைத் தெரிந்துகொண்டால்தான் கிளாராவின் உழைப்பு புரியும்.

இன்று ஏற்பாட்டாளர், முகவர், அரங்க நிர்வாகம் எல்லாம் தனித்தனி. அன்று ஒரு ஊருக்குப் போய் இறங்கியதும், கையில் இருக்கும் அறிமுகக் கடிதங்களை எடுத்துக்கொண்டு செல்வாக்குள்ளவர்களின் வீடு வீடாக ஏற வேண்டும். அவர்கள் வரவேற்பறையில் இலவசமாக வாசித்துக் காட்ட வேண்டும். பத்திரிகை ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும். அரங்கை வாடகைக்குப் பிடித்து, உரிய அனுமதி வாங்கி, டிக்கெட் அச்சடித்து, விளக்குக்கும் கணப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். கச்சேரி முழுவதும் ஒருவரே வாசிக்கும் வழக்கம் இல்லாததால் உள்ளூர்ப் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் துணைக்குச் சேர்க்க வேண்டும். அந்த ஊரில் உருப்படியான பியானோ இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தாலும் சுருதி சேர்க்க வேண்டும். இவ்வளவையும் முதல் பத்தாண்டுகள் தந்தை செய்தார்.

1839 ஜனவரியில், பத்தொன்பது வயதில், கிளாரா அவர் இல்லாமல் பாரிஸுக்குப் புறப்பட்டார். தனியே சமாளிக்க முடியாமல் மகள் திரும்பிவிடுவாள் என்று வீக் எதிர்பார்த்தார். மகள் திரும்பவில்லை. வழியெல்லாம் கச்சேரி செய்துகொண்டே போய்ச் சேர்ந்தார். அவருடைய தொழில்வாழ்க்கை உண்மையில் தொடங்கியது 1828-இல் அல்ல, இந்தக் குளிர்காலத்தில்தான் என்று நான் சொல்வேன்.

வியன்னாவில் அப்படி என்ன நடந்தது?

1837 டிசம்பர் முதல் சில மாதங்கள் அங்கே தொடர்ந்து கச்சேரிகள் செய்தார். நகரமே மயங்கியது. அவர் பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா' சொனாட்டாவை (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) வாசித்ததைக் கேட்டுக் கவிஞர் கிரில்பார்ட்சர் கவிதை எழுதினார். உணவகங்களில் அவர் பெயரில் ஒரு கேக் விற்றார்கள். 1838 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசின் அரண்மனைக் கலைஞர் பட்டம் கிடைத்தது. பதினெட்டு வயது, பெண், வெளிநாட்டவர், போதாததற்குக் கத்தோலிக்க நாட்டில் புராட்டஸ்டன்ட். அந்தப் பட்டம் இப்படிப்பட்ட ஒருவருக்குப் போனது அன்று மிகப் பெரிய விஷயம்.

இசைத்தாள் பார்க்காமல் வாசித்தது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

நம் கச்சேரி மேடையில் தாள் வைத்துக்கொண்டு பாடினால்தான் புருவம் உயரும். அதனால் இந்தக் கேள்வி நமக்கு இயல்பாக வருகிறது. அன்றைய ஐரோப்பாவில் கணக்கு தலைகீழ். இன்னொருவர் எழுதிய படைப்பைத் தாள் இல்லாமல் வாசிப்பது, அதைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்ளும் அகந்தை என்று கருதப்பட்டது. 1837-இல் பெர்லினில் கிளாரா பீத்தோவனை மனப்பாடமாக வாசித்தபோது, எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அதை ஆணவம் என்றே கண்டித்தார். இன்று உலகில் எந்த அரங்குக்குப் போனாலும் தனிக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞர் பெரும்பாலும் தாள் இல்லாமல்தான் உட்காருகிறார். அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்த ஒரு சிலரில் கிளாரா ஒருவர், பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான லிஸ்ட் இன்னொருவர்.

இன்னொன்றும் இருக்கிறது, நமக்கு நெருக்கமானது. ஒரு படைப்பை வாசிக்கத் தொடங்குமுன், அதன் சுருதியிலும் மனநிலையிலும் சில நிமிடங்கள் கற்பனையாக வாசித்து, கேட்பவர்களை அதற்குள் அழைத்துச் செல்வார். கீர்த்தனைக்கு முன் ஆலாபனை செய்வதைப் போன்றது என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஐரோப்பிய மேடையில் அந்த வழக்கம் பிறகு அற்றுப்போயிற்று. அவர் கடைசிவரை அதை விடவில்லை.

தந்தையோடு நீதிமன்றம்வரை போனது ஏன்?

ராபர்ட் ஷூமன் வீக்கின் மாணவர். 1830-இல் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். கிளாராவைவிட ஒன்பது வயது மூத்தவர். விரல் கெட்டுப்போனதால் மேடைக் கனவைக் கைவிட்டு இசையமைப்பிலும் பத்திரிகையிலும் இறங்கியிருந்தார். 1837 ஆகஸ்டில் இருவரும் மணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். வீக் மறுத்தார். பத்தாண்டு உழைத்து உருவாக்கிய கலைஞரை நிலையான வருமானம் இல்லாத ஒருவருக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை. அந்தக் கவலையில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் கையாண்ட வழிகளில் எந்த நியாயமும் இல்லை. மகள் ஈட்டிய பணத்தைத் தர மறுத்தார். ராபர்ட் குடிகாரர் என்று நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார். மகள் வாசிக்கப்போகும் ஊர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்.

அப்போது கிளாராவுக்கு அடைக்கலம் கொடுத்தவர், பெர்லினில் மறுமணம் செய்து வாழ்ந்த தாய் மரியன்னே. 1840 ஆகஸ்டில் தீர்ப்பு கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று லைப்சிக் அருகே ஷோனஃபெல்டு தேவாலயத்தில் திருமணம். மறுநாள் கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. அவதூறுக்காக வீக்குக்குப் பிறகு 18 நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தந்தையும் மகளும் சமாதானமானார்கள்.

திருமணத்துக்குப் பிறகு மேடையை விட்டுவிட்டாரா?

விடவில்லை, ஆனால் ஒவ்வொரு மணி நேர சாதகத்துக்கும் போராட வேண்டியிருந்தது. வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் எழுதும்போது பியானோ சத்தம் கூடாது. அவரோ நாள் முழுவதும் எழுதினார். தன் வாசிப்பு பின்தங்கிப்போகிறது என்று கிளாரா, இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பிலேயே குறைப்பட்டிருக்கிறார். 1842-இல் கோபன்ஹேகனுக்குக் கணவரில்லாமல் போனார். 1844-இல் இருவரும் சேர்ந்து ரஷ்யா போனார்கள்; பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, சக்கரவர்த்தியின் அரண்மனை என்று கிளாராவுக்கு எங்கும் வரவேற்பு, நல்ல வருமானம். ராபர்ட்டுக்கு உடல்நலமும் மனநலமும் கெட்டன. கணவரின் ஏ மைனர் பியானோ கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுவோடு பியானோ வாசிக்கும் படைப்பு) 1845 டிசம்பர் 4 அன்று டிரெஸ்டனில் முதன்முதலாக வாசித்தவர் கிளாராதான். அந்தப் படைப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் அவர் கைகள்தான்.

டிரெஸ்டனில் ஏதோ துணிச்சலான செயல் செய்தாராமே?

1849 மே மாதம் அங்கே மக்கள் கிளர்ச்சி வெடித்தது. ஆயுதம் ஏந்த வரும்படி ராபர்ட்டைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். கணவரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு கிளாரா தோட்டத்து வழியாகத் தப்பினார். மற்றப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, அதிகாலை மூன்று மணிக்கு, வயல்களின் ஊடே நடந்து, சண்டை நடக்கும் நகரத்துக்குள் நுழைந்து அந்த மூன்று குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிவந்தார். அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி.

ராபர்ட்டின் நோய்க் காலத்தில் அவரைப் பார்க்கப் போகவில்லை என்ற குற்றச்சாட்டு?

இது அவர்மேல் அநியாயமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. 1854 பிப்ரவரி 27 அன்று டூசல்டார்ஃபில் ராபர்ட் ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றப்பட்டார். தாமே விரும்பி, பான் நகருக்கு அருகிலுள்ள எண்டெனிக் மனநல இல்லத்துக்குப் போனார். மனைவியைப் பார்த்தால் நோயாளி கொந்தளிப்பார் என்று மருத்துவர்கள் கிளாராவை அனுமதிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே கழிந்தது. இறுதியில் 1856 ஜூலை 27 அன்று பார்த்தார். பேச்சு குழறிய நிலையிலும் ராபர்ட் அவரை அடையாளம் கண்டு, பெரும் முயற்சியோடு ஒரு கையால் அணைத்துக்கொண்டார். 29-ஆம் தேதி உயிர் பிரிந்தது. அந்த நேரத்தில் கிளாரா, நண்பரான வயலின் கலைஞர் யோசஃப் யோவாகிமை அழைத்துவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்.

எட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படி ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்?

கடைசி மகன் ஃபெலிக்ஸ் பிறந்தது 1854 ஜூனில், கணவர் மருத்துவ இல்லத்தில் இருந்தபோது. ஒரு குழந்தை முன்பே இறந்துவிட்டதால் ஏழு பிள்ளைகள். நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தார்கள். கிளாரா ஏற்கவில்லை. தன் கைகள் இருக்கும்வரை தானம் வேண்டாம் என்பது அவர் நிலை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மீண்டும் பயணம் புறப்பட்டார். 1856-இல் முதல்முறையாக இங்கிலாந்து. அதன்பிறகு மொத்தம் பத்தொன்பது முறை அங்கே போனார்.

பிள்ளைகள் உறவினர், நண்பர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தார்கள். கோடையில் மட்டும் எல்லாரும் ஒன்றுசேர்வார்கள். அதற்காகவே 1863-இல் பாடன்-பாடன் அருகே ஒரு சிறு வீட்டை வாங்கினார். தாய் இல்லாத வீட்டின் வருத்தம் பிள்ளைகளுக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: இதே அளவு பயணம் செய்த ஆண் கலைஞர் எவரிடமாவது இந்தக் கேள்வி கேட்கப்பட்டதுண்டா? அவர்களுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி இருந்தார். கிளாராவுக்கு யாரும் இல்லை. பள்ளிக் கட்டணம், வாடகை, மருத்துவச் செலவு எல்லாம் அவருடைய பத்து விரல்களிலிருந்துதான் வந்தன.

பிற்காலத் துயரங்களை அடுக்கவே மனம் வரவில்லை. மகள் யூலி 1872-இல் காசநோயால் இறந்தார். கச்சேரிக்குச் சற்று முன் அந்தச் செய்தி வந்தது. கிளாரா கச்சேரியை ரத்துசெய்யவில்லை. மகன் லுட்விக் மனநோயால் நிரந்தரமாக மருத்துவ இல்லத்தில் இருந்தார். கவிதை எழுதிய ஃபெலிக்ஸ் இருபத்து நான்கு வயதில் 1879-இல் போய்விட்டார். ஃபெர்டினாண்டு, போரில் பெற்ற மூட்டு நோய்க்குத் தரப்பட்ட மார்ஃபினுக்கு அடிமையாகி 1891-இல் இறந்தார். அவருடைய பிள்ளைகளின் பொறுப்பும் பாட்டியின் தலையில் விழுந்தது.

கச்சேரியை ரத்துசெய்யாததைக் கல்நெஞ்சம் என்பார்கள் சிலர். மேடையில் உட்கார்ந்தால்தான் தன்னால் மூச்சுவிட முடிந்தது என்று உணர்ந்த ஒரு மனுஷியைத்தான் நான் அங்கே காண்கிறேன்.

பிராம்ஸுக்கும் அவருக்கும் காதலா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. 1853 இலையுதிர் காலத்தில் இருபது வயது பிராம்ஸ் ஷூமன் வீட்டுக் கதவைத் தட்டினார். ராபர்ட் மருத்துவ இல்லத்துக்குப் போனதும் அருகிலேயே தங்கி, பிள்ளைகளைக் கவனித்து, வீட்டுக் கணக்கையும் எழுதிவைத்தார். அவர் கடிதங்களில் காதல் வெளிப்படையாகவே இருக்கிறது. கிளாரா அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ராபர்ட் இறந்தபின் இருவரும் மணக்கவில்லை. தனித்தனி ஊர்களில், நாற்பது ஆண்டு நட்பாக வாழ்ந்தார்கள். 1880-களில் கடிதங்களை ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டு பலவற்றை அழித்தார்கள். அவர்கள் மூடிவைத்ததை நாம் திறக்க வேண்டாம். எழுதி முடித்த ஏறக்குறைய ஒவ்வொரு படைப்பையும் பிராம்ஸ் அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார் என்பது எனக்குப் போதும்.

ஒரு சிறு நிகழ்ச்சி மட்டும் சொல்கிறேன். 1877 கோடையில், பாக்கின் 'ஷாக்கோன்' என்னும் வயலின் படைப்பை இடக்கை மட்டும் வாசிக்கும்படி மாற்றியெழுதி பிராம்ஸ் கிளாராவுக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்த சமயத்தில் கிளாரா, ஒரு மேசையின் இழுப்பறையைத் திறக்கப்போய் வலக்கை நரம்பைப் பிசகிக்கொண்டு இருந்தார்! எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இசையமைப்பதை ஏன் நிறுத்தினார்?

பதின்மூன்று வயதில் தொடங்கிய பியானோ கான்செர்ட்டோவை (ஓபஸ் 7, அதாவது வெளியீட்டு வரிசையில் ஏழாவது) 1835 நவம்பர் 9 அன்று, இசையமைப்பாளர் மெண்டல்சோன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, கெவாந்த்ஹவுஸில் தாமே வாசித்தார். வயது பதினாறு. அப்படிப்பட்டவர் 1839-இல் நாட்குறிப்பில், தனக்குப் படைப்புத் திறன் இருப்பதாக ஒருகாலத்தில் நம்பியதாகவும், ஒரு பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்றும் எழுதுகிறார். இதுவரை எந்தப் பெண்ணாலும் முடியாதது தன்னால் மட்டும் முடியுமா என்று கேட்கிறார். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அதை எழுதிய பிறகுதான் அவருடைய மிகச் சிறந்த படைப்பான பியானோ ட்ரையோ (பியானோ, வயலின், பெரிய வயலின் போன்ற செல்லோ ஆகிய மூன்றுக்கும் எழுதியது; ஓபஸ் 17) 1846-இல் வந்தது.

1853 கோடையில் ஒரே மூச்சில் பல படைப்புகள் எழுதினார். அப்போது குடியிருந்த வீட்டில்தான் அவருக்கு முதல்முறையாகக் கணவர் காதில் விழாமல் பியானோ வாசிக்கத் தனி அறை கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த பிப்ரவரியில் எல்லாம் குலைந்தது. அதன்பின் ஒன்றிரண்டு சிறியவை தவிர எதுவும் இல்லை. திறமை வற்றியதாக நான் நம்பவில்லை. வருமானத்துக்காகப் பயணம் செய்ய வேண்டியிருந்தவருக்கு, எழுதத் தேவையான ஓய்ந்த காலை நேரங்கள் இல்லாமல் போயின.

கச்சேரிகளில் என்ன வாசிப்பார்?

சிறுவயதில், தந்தையின் கட்டாயத்தில், கூட்டத்தைக் கவரும் விரல்வித்தைப் படைப்புகள்: ஹெர்ட்ஸ், கால்க்பிரென்னர் போன்றவர்களுடையவை. வளர வளர அவற்றை ஒதுக்கினார். பாக், பீத்தோவன், ஷோபான், மெண்டல்சோன், ராபர்ட் ஷூமன், பிறகு பிராம்ஸ். இன்றைய பியானோ கச்சேரியின் அமைப்பு பெரும்பாலும் இந்த வரிசையின் வார்ப்புதான். ராபர்ட்டின் படைப்புகளைக் கேட்கக் கூட்டம் தயாராக இல்லாத காலத்தில், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு சிறு துண்டைச் சேர்த்துச் சேர்த்து மக்களின் காதைப் பழக்கினார்.

அவர் மேல் குறையே இல்லையா?

உண்டு. லிஸ்டின் இசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ராபர்ட்டுக்குக் காணிக்கையாக லிஸ்ட் அனுப்பிய பி மைனர் சொனாட்டாவை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கினார். இன்று அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் படைப்புகளில் ஒன்று. இசைநாடகங்கள் எழுதிய வாக்னரையும் ஏற்கவில்லை. இவை ரசனை வேறுபாடுகள் என்று விட்டுவிடலாம். ஆனால் கணவர் கடைசிக் காலத்தில் செல்லோவுக்கு எழுதிய ரொமான்ஸ்கள் என்னும் சிறு படைப்புகளை, தரம் குறைந்தவை என்று எண்ணி 1893-இல் எரித்துவிட்டார். ராபர்ட்டின் வயலின் கான்செர்ட்டோவையும் வெளியிட விடவில்லை. அது 1937-இல்தான் அரங்கேறியது. ராபர்ட்டின் முழுத் தொகுப்பைப் பல ஆண்டுகள் உழைத்துப் பதிப்பித்த அதே கைகள் இதையும் செய்தன. அவரை நேசிக்கிற எனக்கும் அந்த நெருப்பை மன்னிப்பது கடினமாக இருக்கிறது.

கை வலி வந்ததாகப் படித்தேன்.

1870-களின் நடுவில் கடுமையான வலியால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு மேடை ஏற முடியவில்லை. கீல் நகரில் அறுவை மருத்துவர் எஸ்மார்க்கிடம் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். பிற்காலத்தில் செவித்திறனும் குறைந்தது.

ஆசிரியராக எப்படி?

1878-இல் பிராங்பர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் இசைக்கல்லூரியில் முதல் பியானோ ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அப்போது ஆசிரியராக இருந்த ஒரே பெண். வீட்டிலேயே பாடம் நடத்தவும், கச்சேரிகளுக்கு நீண்ட விடுப்பு எடுக்கவும் உரிமை கேட்டு வாங்கிக்கொண்டார். மகள்கள் மரீயும் ஓய்கனியும் உதவி ஆசிரியைகள். பல நாடுகளிலிருந்து, குறிப்பாக இங்கிலாந்திலிருந்து, மாணவர்கள் வந்தார்கள். கட்டைகளை மேலிருந்து அடிக்கக் கூடாது, விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பாட வைக்க வேண்டும் என்பது அவர் பாடத்தின் சாரம். வேகத்தைக் காட்டி ஓடுகிறவர்களை உடனே நிறுத்திவிடுவார். 1892வரை கற்பித்தார்.

கடைசிக் கச்சேரி?

1891 மார்ச் 12, பிராங்பர்ட். ஹைடன் கருப்பொருளின் மேல் பிராம்ஸ் எழுதிய மாறுபாடுகளை, இரண்டு பியானோ வடிவத்தில், சக ஆசிரியர் ஜேம்ஸ் க்வாஸ்டோடு வாசித்தார். 1896 மார்ச்சில் பக்கவாதம் தாக்கியது; மே 20 அன்று மறைந்தார். பானில் ராபர்ட்டின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பிராம்ஸ் ரயிலில் நெடும் பயணம் செய்து, இறுதிச் சடங்குக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். அடுத்த ஏப்ரலில் அவரும் போய்விட்டார்.

ஜெர்மானியப் பணத்தாளில் அவர் படம் இருந்ததாமே?

ஆம். 1990-இல் வெளிவந்த 100 மார்க் தாளில், முன்பக்கம் இளம் கிளாராவின் முகம், பின்பக்கம் ஒரு கிராண்ட் பியானோ. யூரோ வரும்வரை புழக்கத்தில் இருந்தது.

அவர் வாசிப்பை இன்று கேட்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

அவர் வாசித்த ஒலிப்பதிவு எதுவும் இல்லை. மாணவிகளுடையவை இருக்கின்றன: ஃபேனி டேவிஸ் 1928-இல் பதிவுசெய்த ஷூமன் கான்செர்ட்டோவும், அடெலினா டி லாராவின் முதுமைக்காலப் பதிவுகளும். கீறல் ஒலிக்கு நடுவே ஒரு நிதானமும், பாடும் தொனியும் கேட்கும். அவர் பயன்படுத்திய பியானோக்களில் ஒன்று, கொன்ராட் கிராஃப் பரிசளித்தது, பிராம்ஸின் கைக்குப் போய், இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய படைப்புகளில் பியானோ ட்ரையோவின் மூன்றாம் பகுதியை முதலில் கேளுங்கள். பிறகு வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ்கள், ஓபஸ் 22. அதன்பின் கான்செர்ட்டோவின் நடுப்பகுதி; அங்கே ஆர்கெஸ்ட்ரா முழுவதும் அமைதியாகிவிட, பியானோவும் ஒரே ஒரு செல்லோவும் மட்டும் பேசிக்கொள்ளும்.

இவற்றைக் கேட்டுப் பழகியபின், கச்சேரிக்கு முன் அவர் கற்பனையாக வாசித்த அந்த முன்னிசைகளைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாக வந்தவற்றைத் தாளில் எழுதுவது எளிதாக இல்லை. மகள்கள் கேட்டுக்கொண்டதற்காக, 1895-இல், எழுபத்தாறு வயதில், அவற்றில் சிலவற்றை எழுதிக் கொடுத்தார்.